ஷிப்டுக்கு முன் ஒரு பிரெஞ்சு போலீஸ் படம்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கு, குளித்துச் சாப்பிட்ட பிறகு கூலிம் தொழிற்பேட்டைப் பேருந்து வரும்வரை மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளையைத் தாண்டலாம், வில்லன் யாரென்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதே நேரத்தில் ஒரு பிரெஞ்சு போலீஸ் படம் தொடங்கி, ஓடி, மோதி, முடிந்து, பெயர்ப்பட்டியலும் போய்விடும். தோட்டப்புறப் பட்டணங்களில் இந்தப் படங்களுக்குச் சத்தமில்லாமல் ஒரு கூட்டம் சேர்ந்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இங்கே மதிப்பிடப்படுபவை, நெட்பிளிக்ஸ் தன் பெயரில் வெளியிட்ட பிரெஞ்சு போலீஸ் படங்கள் சிலவும், அவற்றுக்கு முன்னோடிகளான சில பழைய படங்களும். பார்க்கும் இடம் பாரிஸ் திரையரங்கு அல்ல. தகரக் கூரை, வரவேற்பறையில் 43 அங்குலத் தொலைக்காட்சி, சாயங்காலமானால் இளைத்துப்போகும் இணையம் என்று கணக்கு வைத்தே இதை எழுதுகிறோம்.

நம்மவர்களுக்கு இந்த வகை புதிதும் அல்ல. 2015 தீபாவளிக்கு வந்த ‘தூங்காவனம்’, 2011இல் ஃப்ரெடெரிக் ஜார்தான் இயக்கிய ‘ஸ்லீப்லெஸ் நைட்’ படத்தின் மறுவாக்கம். 2019இல் விக்ரம் நடித்த ‘கடாரம் கொண்டான்’, ஃப்ரெட் கவாயே 2010இல் எடுத்த ‘பாயிண்ட் பிளாங்க்’ படத்தின் மறுவாக்கம். இரண்டையும் இயக்கியவர் ராஜேஷ் எம். செல்வா. இரண்டாவது படத்தின் கதை கோலாலம்பூரில் நடக்கிறது. கெடாவின் பழம்பெயரான கடாரத்தைப் பெயராக வைத்துவிட்டுக் கெடா பக்கம் எட்டிப் பார்க்காத படம் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கிண்டல் செய்தால் அதில் நியாயம் உண்டு.

மூலம் எது, மறுவாக்கம் எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரெஞ்சுக்காரர்களின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். கார் எத்தனை, குண்டு எத்தனை என்பதில் அது இல்லை. யார் யாருக்கு என்ன தர வேண்டும், எத்தனை மணிக்குள், எந்த வாசல் வழியாக என்ற கணக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படம் அந்தக் கடனை அடைக்க ஓடுகிறது.

மூன்று மணி நேரக் கெடு

‘பாயிண்ட் பிளாங்க்’ மொத்தம் 84 நிமிடம். சாமுவேல் மருத்துவமனையில் தாதியர் உதவியாளர். அடிபட்டு மயக்கத்தில் கிடக்கும் ஒரு குற்றவாளியின் மூச்சுக்குழாயை யாரோ துண்டித்துவிட, சாமுவேல் அவனைக் காப்பாற்றிவிடுகிறார். அந்த நல்ல காரியமே வினையாகிறது. கர்ப்பிணி மனைவியைக் கடத்திவிட்டு, மூன்று மணி நேரத்தில் அந்த ஆளை மருத்துவமனையிலிருந்து வெளியே கொண்டு வா என்கிறார்கள்.

சாமுவேலாக வரும் ஜில் லெலூஷ் ஓடும் அழகைக் கவனியுங்கள். அழகே இல்லை. தோள் குலுங்குகிறது, வாய் திறந்தே இருக்கிறது, திரும்பிப் பார்க்கும்போது கால் இடறுகிறது. சுரங்க ரயில் நிலையத்தில் போலீஸ் துரத்தும் காட்சியில் இந்த ஆள் மாட்டிக்கொள்வான் என்றே நமக்குத் தோன்றிக்கொண்டிருக்கும். தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது நம்புகிற மாதிரி இருப்பதற்குக் காரணம், அவர் தப்பிப்பது பலத்தால் அல்ல, துரத்துபவரைவிட அரை நொடி முந்திக்கொண்ட பயத்தால். மூச்சு வாங்கும் சத்தம்தான் அந்தக் காட்சியின் பின்னணி இசை. ஆங்கில ஒலிமாற்றில் (டப்பிங்கில்) பார்த்தால் இந்த மூச்சு போய்விடும். அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழில் என்ன ஆனது? துரத்தப்படும் இளம் மருத்துவர் பாத்திரம் பின்னுக்குப் போய், குற்றவாளி முன்னுக்கு வந்துவிட்டான். விக்ரம் வந்தால் அப்படித்தான் ஆகும். பிரெஞ்சு மூலத்தில் ரோஷ்டி ஸெம் செய்த அந்தப் பாத்திரம் வயிற்றில் காயத்தோடு, பாதி நேரம் நிற்க முடியாமல் இருப்பவன். அவனுக்குச் சாமுவேல் தேவை, சாமுவேலுக்கு அவன் தேவை. இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை, விடவும் முடியவில்லை. நாயகன் வெல்ல முடியாதவனாகிவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். மற்றவன் வெறும் பயணியாகிவிடுவான். படமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாக நீண்டது. கிப்ரானின் இசையும் படத்தின் தோற்றமும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் கடிகாரம் நின்றுவிட்டது.

மூலப் படத்தின் கடைசிப் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவல் தலைமையகத்துக்குள் நுழைய வேண்டும், நுழைய வழியில்லை. அதனால் நகரம் முழுக்க ஒரே நேரத்தில் களவும் அடிதடியும் வெடிக்க ஏற்பாடு செய்கிறார்கள். அரை மணி நேரத்தில் நிலையம் நிரம்பி வழிகிறது. தாழ்வாரமெங்கும் விலங்கு மாட்டியவர்கள், கத்துபவர்கள், படிவம் நிரப்ப முடியாமல் திணறும் அதிகாரிகள். அந்த நெரிசலுக்குள் இரண்டு பேர் நடந்து போனால் யார் கவனிப்பார்கள்? பெரிய வெடிப்பு எதுவும் இல்லாமல் ஓர் அலுவலகத்தின் வேலைப்பளுவையே ஆயுதமாக்கிய இந்த யோசனைக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

ஒரு கட்டடம், ஒரு பை, ஒரு காயம்

‘ஸ்லீப்லெஸ் நைட்’ இன்னும் சிக்கனம். வின்சென்ட் என்ற போலீஸ்காரர் கூட்டாளியோடு சேர்ந்து கடத்தல்காரர்களிடமிருந்து கொக்கெயின் பையைப் பறிக்கிறார். முகமூடி நழுவுகிறது, அடையாளம் தெரிகிறது, மகனைக் கடத்துகிறார்கள். பையைக் கொடுத்து மகனை மீட்க ஓர் இரவு விடுதிக்குள் போகிறார். அதன்பின் படம் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வருவதே அரிது.

வயிற்றோரம் வாங்கிய கத்திக்குத்து படம் முடியும்வரை ஆறுவதில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் சட்டையில் ஈரம் கூடுகிறது, நடை சாய்கிறது. சமையலறைச் சண்டை வந்து சேரும்போது இருவருக்குமே கை தூக்க முடியவில்லை. சட்டி, தட்டு, அடுப்பு மேடை என்று கையில் கிடைப்பதைப் பிடித்துச் சாய்ந்துகொண்டே அடித்துக்கொள்கிறார்கள். நம் சினிமாவில் சண்டை முற்ற முற்ற நாயகனுக்கு வேகம் கூடும், இங்கே குறையும். அந்தக் குறைவுதான் இருக்கையின் நுனிக்கு நம்மைத் தள்ளுகிறது.

பை எங்கே என்பதை இயக்குநர் ஒரு கணம்கூட நமக்கு மறைக்கவில்லை. கழிவறைக் கூரையில் ஒளித்தது, அதை இன்னொரு அதிகாரி பார்த்து இடம் மாற்றியது, தெரியாமல் இவர் பேரம் பேசப் போவது, கடைசியில் மாவை அடைத்து ஏமாற்றப் பார்ப்பது எல்லாமே நம் கண் முன்னால். பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும், பாத்திரங்களுக்குத்தான் தெரியாது. விடுதியின் மாடிப்படி, பின்வாசல், நடன மேடை, அலுவலக அறை எது எங்கே என்பதும் அரை மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். குழப்பம் இல்லாத வேகம் என்பது இதுதான்.

‘தூங்காவனம்’ இந்த இரண்டு மறுவாக்கங்களில் நல்லது. பாட்டுக்காகக் கதையை நிறுத்தவில்லை, கட்டடத்தை விட்டு ஓடவில்லை, கமலும் பிரகாஷ்ராஜும் மூலத்தில் இல்லாத ஒரு நகைச்சுவையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் காயம் அவ்வளவு வலிக்கவில்லை. இதே கதையை ஹாலிவுட் 2017இலும் இந்தி 2023இலும் எடுத்துப் பார்த்தன. எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாலும் மூலத்தின் அழுக்கும் வியர்வையும் வேறு எதிலும் இல்லை.

பட்டறைக்காரர்களின் படம்

இப்போது ‘லாஸ்ட் புல்லட்’. 2020, 2022, 2025 என்று மூன்று பாகம். கியோம் பியர்ரே இயக்கம், முதல் பாகம் அவருடைய முதல் முழுநீளப் படம். இந்த ஊரில் வெளிநாட்டுக் காரிலிருந்து அறுத்தெடுத்த ஹாஃப் கட் எஞ்சினைப் பழைய புரோட்டான் சாகாவில் ஏற்றிப் பார்க்கிற பட்டறைப் போமன்கள் இதைத் தங்கள் சொந்தப் படமாகவே நினைக்கிறார்கள். தவறில்லை. நாயகன் லினோ ஒரு மெக்கானிக்.

முதல் பாகம், 92 நிமிடம். கடனில் மாட்டிய தம்பி முறைப் பையனுக்காக, ஒரு சின்ன ரெனோ கிளியோவைச் சுவரை உடைக்கும் அளவுக்குப் பலப்படுத்தி நகைக்கடைக்குள் ஓட்டுகிறான். சுவர் உடைகிறது, தேவைக்கு மேலேயே உடைகிறது. பிடிபட்டுச் சிறைக்குப் போனவனை ஷராஸ் என்ற போலீஸ் அதிகாரி வெளியே எடுத்து, போதைப்பொருள் கார்களைத் துரத்தும் தன் பிரிவின் வண்டிகளைத் தயார் செய்ய வைக்கிறார். பிறகு அந்தப் பிரிவுக்குள்ளேயே உள்ள ஒருவன் ஷராஸைச் சுட்டுவிட்டுப் பழியை லினோ மேல் போடுகிறான். உண்மையைச் சொல்லும் ஒரே சாட்சி, சிவப்பு ரெனோ 21 ஒன்றில் புதைந்து கிடக்கும் தோட்டா. காரைக் கண்டுபிடிக்க வேண்டும், ஓட வைக்க வேண்டும், காவல் நிலையம்வரை கொண்டு சேர்க்க வேண்டும். கதை இவ்வளவே.

வாகனக் காட்சிகளில் இந்தப் படம் மதிக்கும் ஒரு விதி உண்டு: இடித்தால் உடையும். சாதாரணக் காரைச் சுவரில் மோதினால் முதலில் சாவது ராடியேட்டர். தண்ணீர் கொட்டிப்போனால் சில நிமிடத்தில் எஞ்சின் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். அதற்கு முன்பே ஏர்பேக் வெடித்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். பம்பரில் இரும்பை வெல்டிங் வைத்தால் போதாது. இடியின் விசை வண்டியின் நீளவாட்டுச் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இரும்பே மடங்கி ராடியேட்டரைக் குத்தும். உள்ளே குழாய்க் கூண்டும் நாலு முனை இடைவாரும் இல்லையென்றால் வண்டி பிழைத்தாலும் ஆள் பிழைக்க மாட்டான். வண்டியை முதலில் பலப்படுத்தி, பிறகு மோதவிட்டு, மோதியபின் அது நொண்டுவதையும் காட்டுகிற படங்கள் குறைவு. லினோ இரும்போடு உட்காரும் பட்டறைக் காட்சியைச் சுருக்கமாக, வசனம் அதிகமில்லாமல் எடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்தாறு காட்சித் துண்டுக்காகவே கடைசித் துரத்தலில் அந்தச் சிவப்பு வண்டி ஒரு பாத்திரமாகிவிடுகிறது.

ரெனோ 21 தேர்வும் விளையாட்டல்ல. அதன் டர்போ வகையை ஒரு காலத்தில் பிரான்சின் ஜாந்தார்மெரிக் காவல்படையே நெடுஞ்சாலைத் துரத்தலுக்கு வைத்திருந்தது. பின்னாளில் சுபாரு இம்பிரெசா, ரெனோ மெகான் ஆர்எஸ், இப்போது ஆல்பின் ஏ110 என்று மாறி வந்திருக்கிறது. ஸ்பெயின் எல்லையிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு இரவில் முழு வேகத்தில் வடக்கே பறக்கும் ‘கோ ஃபாஸ்ட்’ கும்பல்களும் கற்பனை அல்ல. எல்லையிலிருந்து மொன்பெலியே பக்கம் வரும் ஏ9 நெடுஞ்சாலை அதற்குப் பேர்போனது. அங்கே சட்ட வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைவிட 20 கூடுதல்.

காவல் நிலையச் சண்டையைத் தவறவிடாதீர்கள். லினோவாக வரும் அல்பான் லெனுவார் சண்டைக் கலைஞராகவும் வேலை பார்த்தவர். திரைக்கதையிலும் கை வைத்திருக்கிறார். அறை நிறைய போலீஸ்காரர்கள், அவன் கையில் ஆயுதம் இல்லை, நோக்கம் ஜெயிப்பது அல்ல, வாசலை அடைவது. யாரும் முறை வைத்து ஒவ்வொருவராக வந்து அடி வாங்குவதில்லை. மூன்று பேர் ஒன்றாகக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள். அவன் நகர்கிறான், இரண்டடி. மறுபடி பிடிக்கிறார்கள். கேமரா உடம்பு முழுவதும் தெரிகிற தூரத்தில் நிற்கிறது. யார் அடித்தார், எங்கே பட்டது என்பதை மறைக்க வெட்டித் தள்ளவில்லை.

இரண்டாம் பாகத்தில் கார் வித்தைகள் பெருகுகின்றன. கதை கொஞ்சம் தளர்கிறது. மூன்றாவது, கணக்கை முடித்து வைக்கும் பாகம். மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி என்பதால் வரிசை மாற்றிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. தனியாக நிற்கக்கூடியது முதலாவது மட்டும்.

போலீசுக்கு எதிரி போலீஸ்

இந்தப் படங்களை எடுத்துப் பார்த்தால் வில்லன் பெரும்பாலும் அடையாள அட்டை வைத்திருப்பான். ‘பாயிண்ட் பிளாங்க்’கில் வெர்னர், ‘லாஸ்ட் புல்லட்’டில் அரெஸ்கி. இதனால் நாயகன் போலீசுக்குப் போக முடியாது என்ற நிலை தானாக வந்துவிடுகிறது. ஏன் ஓடுகிறாய், புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று நாம் கேட்கும் வாய்ப்பையே திரைக்கதை அடைத்துவிடுகிறது. வேகத்துக்கு இதைவிட மலிவான எரிபொருள் இல்லை.

இந்த மரபுக்கு உள்ளிருந்தே வந்தவர் ஒலிவியே மர்ஷால். சினிமாவுக்கு வருமுன் போலீஸ் வேலையில் இருந்தவர். 2004இல் வந்த ‘36’ இரண்டு உயர் அதிகாரிகளின் பதவிப்போட்டி. தலைப்பில் உள்ள எண், பாரிஸ் குற்றப்புலனாய்வுப் பிரிவு இருந்த கட்டடத்தின் கதவிலக்கம். நம் ஊரில் போலீஸ் தலைமையகத்துக்கு ‘புக்கிட் அமான்’ என்றாலே போதும் அல்லவா, அதுபோல அங்கே வெறும் ‘36’. 2017இல் அந்தப் பிரிவு வேறு இடத்துக்கு மாறிவிட்டது. அவர் நெட்பிளிக்ஸுக்கு 2020இல் எடுத்த ‘ரோக் சிட்டி’ மார்செய் நகரில் நடக்கிறது. பாத்திரங்கள் அதிகம், கும்பல்கள் அதிகம். முதல் இருபது நிமிடத்தில் யார் எந்தப் பிரிவு என்று பிடிபடாவிட்டால் பின்னால் திண்டாட்டம்தான். கைப்பேசியை நோண்டிக்கொண்டு பார்க்கிற படம் அல்ல.

செட்ரிக் ஹிமெனெஸின் ‘த ஸ்ட்ராங்ஹோல்ட்’ 2021. மார்செய் வடக்குப் பகுதியின் பிஏசி பிரிவு அதிகாரிகள் 2012இல் சிக்கிய ஊழல் விவகாரத்திலிருந்து எடுத்த கதை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நடக்கும் சோதனைக் காட்சிதான் படத்தின் முதுகெலும்பு: வெளியே ஊரே திரண்டு நிற்கிறது, உள்ளே மூன்று பேர், வந்த வழி அடைபட்டுவிட்டது. அது முடிந்தபின் படம் நிதானமாகி, கசப்பாகிறது. ஆக்‌ஷனுக்காக மட்டும் வருபவர் அங்கே ஏமாறுவார். குடியிருப்பில் வாழ்பவர்களை முகமில்லாத கும்பலாகக் காட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் பிரான்சிலேயே எழுந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. தோட்டத்திலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் இன்னும் கொஞ்சம் உறுத்தும்.

பெயர்கள் புரிந்தால் கதை பாதி புரிந்த மாதிரி. போலீஸ் நாசியோனால் நகரங்களுக்கு. ஜாந்தார்மெரி என்பது இராணுவ அந்தஸ்து கொண்ட காவல்படை, கிராமங்களையும் சாலைகளையும் பார்த்துக்கொள்வது. பிஏசி சாதாரண உடையில் சுற்றித் தெருக்குற்றங்களைப் பிடிக்கும் பிரிவு. பிஆர்ஐ பெரிய கொள்ளைக் கும்பல்களுக்கு. ஜிஐஜிஎன், ஜாந்தார்மெரியின் சிறப்புப் படை. ஐஜிபிஎன் என்றால் போலீசை விசாரிக்கும் போலீஸ். அந்தப் பெயர் காதில் விழுந்தால் யாரோ ஒருவருக்கு வியர்க்கத் தொடங்கும். ‘கொமாந்தான்’ ஒரு பதவிப் பெயர், படைத் தளபதி அல்ல. ‘கொமிசேர்’ அதற்கும் மேலே. சாதாரண உடைக்காரர்கள் கையில் ஆரஞ்சுப் பட்டை மாட்டினால் அதிகாரபூர்வமாக இறங்கிவிட்டார்கள் என்று பொருள். யார் மாட்டவில்லை என்று கவனித்தால் சில படங்களில் துரோகியை முன்கூட்டியே பிடித்துவிடலாம். ‘கார்ட் ஆ வூ’ நம் லோக்காப் மாதிரி: 24 மணி நேரம், அரசு வழக்கறிஞர் அனுமதித்தால் 48. பல கதைகளின் கெடு அதிலிருந்தே வருகிறது.

பழசில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். ‘டிஸ்ட்ரிக்ட் 13’, 2004, பியர் மொரெல். தடைகளைத் தாவிக் கடக்கும் பார்க்கூர் கலையை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பெல் கூரைக்குக் கூரை தாவுகிறார். கதை வெற்றிலை மடிப்பு அளவுதான். முதல் பத்து நிமிடத் துரத்தலுக்காகப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் எழுந்து போகலாம்.

வீட்டில் சரியாகப் பார்க்க

முதல் வேலை, ஒலி. கணக்கின் மொழி ஆங்கிலமாக இருந்தால் படம் ஆங்கில ஒலிமாற்றில் தொடங்க வாய்ப்பு அதிகம். படம் ஓடும்போது ஒலி, துணைவரி (சப்டைட்டில்) பட்டியலைத் திறந்து, ‘மூலம்’ என்று குறித்திருக்கும் பிரெஞ்சைத் தேர்ந்தெடுங்கள். ஒலிமாற்றில் வசனம் மட்டும் மாறுவதில்லை. நடிகரின் மூச்சு, முனகல், ஓடிக்கொண்டே பேசும் திணறல் எல்லாம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்த வேறொருவருடையதாகிவிடும். இந்த வகைப் படத்தில் அது சாம்பாரில் புளி விட்டுப்போன மாதிரி.

துணைவரியில் ஆங்கிலம் இரண்டு விதமாக இருந்தால், ‘சிசி’ என்று குறித்திருப்பது காது கேளாதவர்களுக்கானது. கதவு சாத்தும் சத்தம்கூட எழுத்தில் வரும். அது பல சமயம் ஆங்கில ஒலிமாற்று வசனத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சு ஒலியோடு வைத்தால் வாய் ஒன்று, வரி ஒன்று என்று ஓடும். மலாய் வேகமாக வாசிப்பவர்கள் மலாயையே வைத்துக்கொள்ளலாம், கண் சீக்கிரம் படத்துக்குத் திரும்பும். வெள்ளை எழுத்து வெடிப்பிலும் முகப்பு விளக்கிலும் கரைந்துபோனால், கணக்கு அமைப்பில் துணைவரித் தோற்றத்தை மஞ்சளாக்குங்கள், அல்லது பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள்.

இரண்டாவது, தொலைக்காட்சியின் அசைவு மெருகூட்டல். படங்கள் நொடிக்கு 24 சட்டத்தில் எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சி தானாக நடுவில் சட்டங்களைக் கற்பனை செய்து சேர்த்து வழவழப்பாக்கும். சாம்சங்கில் இது ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் கார் துரத்தல் தொலைக்காட்சி நாடகம் போலத் தெரியும். வேகமாக ஓடும் சக்கரத்தைச் சுற்றியும் வேலிக் கம்பியைச் சுற்றியும் படம் கலங்கும், ஏனென்றால் அந்த இடைச் சட்டங்களை இயந்திரம் ஊகித்துத்தான் போடுகிறது. ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதை அழுத்தினால் இது தானாக அணையும்.

மூன்றாவது, இணையம். நெட்பிளிக்ஸ் சொல்லும் அளவு முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. தாமான்களில் ஃபைபர் வந்துவிட்டது. தோட்டத்து லயங்களிலும் ஓரத்துக் கம்பத்துக் கிராமங்களிலும் சிம் போட்ட மோடத்தை நம்பித்தான் பல வீடுகள். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது வேகம் விழும். விழுந்தால் படம் நிற்காது, தரம் குறையும். அந்தக் குறைவு உரையாடல் காட்சியில் தெரியாமல், துரத்தலில் கட்டம் கட்டமாகத் தெரியும். காரணம் இது: ஒளிக்கோப்பு ஒவ்வொரு சட்டத்தையும் முழுதாக அனுப்புவதில்லை, முந்தைய சட்டத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. முகம் பேசும்போது மாறுவது உதடு மட்டும். கார் ஓடும்போது மரம், சாலை, புகை, கண்ணாடியில் பிரதிபலிப்பு எல்லாமே மாறும். அதே அளவு தரவில் அவ்வளவையும் அடைக்க முடியாது. இரவு விடுதியில் மின்னி மின்னி அணையும் விளக்கு இன்னும் மோசம். ‘ஸ்லீப்லெஸ் நைட்’டைக் குறைந்த வேகத்தில் பார்ப்பது வீண்.

வழி, முன்கூட்டியே இறக்கி வைப்பது. காலையில் அல்லது நள்ளிரவுக்குப் பிறகு கைப்பேசியிலோ டேப்லட்டிலோ இறக்கிக்கொள்ளலாம். நேரடியாக எச்டியில் பார்த்தால் மணிக்கு 3 ஜிபிவரை போகும். 92 நிமிடப் படத்துக்கு நாலரை ஜிபியை எட்டும். சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி, மொத்தம் ஒன்றரை. தரவு எண்ணிச் செலவு செய்பவர்கள் கைப்பேசியில் சாதாரணத் தரத்தையே வைக்கலாம். சின்னத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பெரிய திரையில் தெரியும்.

ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, இந்தப் படங்களில் வசனம் தாழ்ந்தும் மோதல் உயர்ந்தும் கலக்கப்பட்டிருக்கும். மழை பிடித்துத் தகரத்தில் கொட்டத் தொடங்கினால் வசனம் போச்சு. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த துப்பாக்கிச் சூட்டில் தொட்டில் பிள்ளை எழுந்துவிடும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது குரலைத் தெளிவாக்கும் தேர்வு இருக்கும், அதைப் போட்டால் உயர்வு தாழ்வு சமமாகும். எதிர்ச்சுவர்க் குழல்விளக்கையும் அணையுங்கள். இரவுக் காட்சியில் திரை கண்ணாடியாகி, உங்கள் சோபாவைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படங்கள் இவற்றில் ஒன்றுமில்லை. கெட்ட வார்த்தை, போதைப்பொருள், இரத்தம் தாராளம். பாட்டியையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

புதிதாக வருபவருக்கு எங்கள் வரிசை: முதலில் ‘லாஸ்ட் புல்லட்’ முதல் பாகம், பிறகு ‘பாயிண்ட் பிளாங்க்’, அப்புறம் நல்ல இணையம் இருக்கும் நாளில் ‘ஸ்லீப்லெஸ் நைட்’. பழைய இரண்டும் எல்லாக் காலத்திலும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. தேடும்போது ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள். ‘பாயிண்ட் பிளாங்க்’ என்று மட்டும் போட்டால் 2019இல் வந்த அமெரிக்க மறுவாக்கம் முன்னால் வந்து நிற்கும். நடிகர் பெயரில் ஜில் லெலூஷ் இல்லாவிட்டால் அது வேறு படம். ‘த ஸ்ட்ராங்ஹோல்ட்’ விடுமுறை நாளுக்கு.

2025இல் வந்த ‘ஆட் விட்டாம்’ படத்தையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஜிஐஜிஎன் முன்னாள் வீரர், கர்ப்பிணி மனைவி கடத்தல், எல்லாம் கச்சிதமாகத் தொடங்குகிறது. பிறகு ஆள் எப்படிப் படையில் சேர்ந்தார் என்று நீண்ட முன்கதைக்குள் போய், கடத்தப்பட்ட மனைவியை நாமே மறந்துவிடும் அளவுக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. திரும்பி வந்து பாராமோட்டாரில் பறக்கும்போது பார்க்கலாம். பேருந்துக்கு நேரம் குறைவாக இருந்தால் நடுப்பகுதியைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள், கதை ஒன்றும் விட்டுப்போகாது.